கடன் இல்லாத மில்லுக்கு ஈக்விட்டி செலவு: 11.43% ஏன் தப்பு?

தெப்பக்குளம்77:
அவசரம். கப்பலூரில் மாமாவின் நூற்பாலைக்கு மதிப்பு போடுகிறேன். கடன் கிடையாது, பங்குச் சந்தையிலும் இல்லை. அதனால் சந்தையில் இருக்கும் ஒரு போட்டி மில்லை எடுத்தேன். அதன் ஈக்விட்டி செலவு (பங்குதாரர் எதிர்பார்க்கும் ஆண்டு வருமானம்) 14%, கடன் செலவு (வட்டி) 8%. கடனால் கூடும் ஆபத்தை நீக்கிப் பார்த்தால் 11.43% வருகிறது. ஆடிட்டர் தப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே இடிக்கிறது?

வைகைக்கரை:
கடன் எவ்வளவு, ஈக்விட்டி எவ்வளவு, வரி என்ன? 8% வரிக்கு முன்பா, பின்பா? ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி.

மேலமாசி:
பீட்டாவில்தான் (சந்தையோடு பங்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) கோளாறு இருக்கும். போட்டி மில்லின் பீட்டாவை 1 + (1 − வரி) × கடன்/ஈக்விட்டி என்பதால் வகுத்துவிட்டு, அப்புறம் சிஏபிஎம் (பீட்டாவிலிருந்து ஈக்விட்டி செலவைக் கணக்கிடும் சூத்திரம்) போடுங்கள்.

தெப்பக்குளம்77:
பீட்டா கையில் இல்லை, 14% மட்டும்தான். வரி 25%. 8% வரிக்கு முன். கடன் 40 கோடி, ஈக்விட்டி 40 கோடி.

பழைய_ஆடிட்டர்:
அடிப்படையே தெரியாமல் மதிப்பீட்டில் இறங்கக் கூடாது. கடன் கூடினால் ஈக்விட்டி செலவு எப்படி ஏறும் என்று பொருளாதார அறிஞர்கள் மோடிக்லியானியும் மில்லரும் 1963-இல் வரியைச் சேர்த்து எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை:
சார், சூத்திரம் சரியாகத்தான் போட்டிருக்கிறார். கடன் இல்லாதபோது ஈக்விட்டி செலவு க என்று வையுங்கள். 14 = க + (க − 8) × 0.75 × 40/40. அப்படியென்றால் 1.75க = 20, க = 11.43. தம்பி, அந்த 40 கோடி ஈக்விட்டி பேலன்ஸ் ஷீட்டில் எடுத்ததா?

தெப்பக்குளம்77:
ஆமாம் அண்ணே. மூலதனம் 20 கோடி, 10 ரூபாய் பங்கு. ரிசர்வ் 20 கோடி.

மேலமாசி:
வரியும் 25% இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தில் கம்பெனிகளுக்குக் குறைந்த வரி தரும் 115பிஏஏ பிரிவில் 22%, அதன்மேல் 10% சர்சார்ஜ், 4% செஸ். மொத்தம் 25.17%.

பழைய_ஆடிட்டர்:
அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்த கம்பெனிக்கு மட்டும். மேட் (குறைந்தபட்ச மாற்று வரி) கட்டியதில் கிடைத்த வரவை நிறைய மிச்சம் வைத்திருந்தவர் அதற்குள் போனால் அந்த வரவு போய்விடும் என்றுதான் முன்பு விதி இருந்தது. போட்டி மில்லின் ஆண்டறிக்கையைப் பார்த்தீர்களா?

மேலமாசி:
2019-இல் வந்த சலுகையை இன்னும் எடுக்காமலா இருப்பார்கள்?

வைகைக்கரை:
0.17-ஆல் விடை அசையாது, அதை விடுங்கள். 14% என்பது இன்றைய விலைக்குப் பங்கு வாங்குகிறவர் எதிர்பார்க்கும் வருமானம். அதனால் ஈக்விட்டியையும் சந்தை விலையில்தான் எடுக்க வேண்டும். பங்கு என்ன விலை?

தெப்பக்குளம்77:
30 ரூபாய்.

வைகைக்கரை:
2 கோடி பங்கு, 60 கோடி. 0.75 × 40/60 = 0.5. 1.5க = 18, க = 12%. வங்கிக் கடனின் வட்டி சந்தையோடு ஏறி இறங்குவதாக இருந்தால் 40 கோடியை அப்படியே வைக்கலாம். ஆனால் இது கடனால் வரும் ஆபத்தை மட்டும்தான் கழிக்கும், தொழிலின் ஆபத்து அப்படியே நிற்கும். அந்த மில் ஆயத்த ஆடையும் தைக்கிறதா, சொந்தக் காற்றாலை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரச் செலவு வேறாக இருந்தால் மாமா மில்லுக்கு அது சரியான ஜோடி இல்லை.

தெப்பக்குளம்77:
12%-ஐ எங்கள் ஆடிட்டர் ஒத்துக்கொண்டார், நன்றி அண்ணே. காற்றாலை பற்றி அவரும் கேட்கிறார். ஆண்டறிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.