வீல் ஆஃப் டைம் சீரீஸ்: நாவல் வாசகர்களுக்கு எங்கே கசந்தது?

மலைக்குருவி:

ராபர்ட் ஜோர்டனின் நாவல்களைப் படித்தவர்களிடம் ஒரு கேள்வி. அமேசான் பிரைமில் 2021 நவம்பரில் வந்த முதல் சீசனை எட்டு எபிசோடும் பார்த்து முடித்தேன். நடிகர்களில் எனக்குக் குறையே இல்லை. மாயசக்தி கொண்ட மொய்ரேனாக ரோசமண்ட் பைக், அவளுடைய காவலன் லானாக டேனியல் ஹென்னி, இருவரும் படிக்கும்போது மனதில் இருந்த ஆட்கள்தான். ஆனாலும் கடைசி எபிசோட் முடிந்ததும், நான் நேசித்த கதை இது இல்லை என்றே பட்டது. நிஜமாகவே வலித்தது.

"முதல் புத்தகத்தில் மட்டும் 53 அத்தியாயம், எட்டு மணி நேரத்தில் எப்படி அடக்குவது?" என்று சமாதானம் சொல்கிறார்கள். அது பாதி நியாயம். ஆனால் நாயகர்களில் ஒருவனான, நாவலில் கல்யாணமே ஆகாத பெரினுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, முதல் எபிசோடிலேயே அவன் கோடரியால் தவறுதலாக அவளைச் சாகடித்தார்களே, அதற்கு நேரம் எப்படிக் காரணமாகும்? பெரினின் நண்பன் மாட் என்பவனின் அப்பா நாவலில் ஊரே மதிக்கும் குதிரை வியாபாரி, அவரைப் பெண் பித்தராகக் காட்டியதற்கு?

உண்மையில் எங்கே சறுக்கியது? அடுத்த சீசன்களைப் பார்க்கலாமா? என் தங்கை மூன்று சீசனும் பார்த்துவிட்டாள், புத்தகம் படித்ததில்லை. இனி அவள் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

தறிக்காரன்:

நேரம் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் எழுதும் மேசையில் எடுத்த ஒரே ஒரு முடிவு: "ஐந்து பேரில் டிராகன் யார்?" என்பதை முதல் சீசனின் மர்மமாக வைத்தது. டிராகன் என்பது உலகைக் காக்க மறுபடி பிறக்கும் வீரனின் பட்டம், அந்த ஐந்து பேர் ஒரே ஊரைச் சேர்ந்த ராண்ட், மாட், பெரின், எக்வீன், நைனீவ். நீங்கள் சொல்லும் கசப்பில் முக்கால்வாசி அதிலிருந்துதான் கிளைக்கிறது.

நாவலில் டிராகன் ஆண்தான், அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. இந்த உலகின் மாயசக்திக்கு இரண்டு பாதி. பெண்கள் எடுக்கும் பாதியான சைடார் சுத்தமானது. ஆண்கள் எடுக்கும் சைடினில் தீமையின் தலைவனான டார்க் ஒன் நஞ்சைக் கலந்துவிட்டான், அதைத் தொடும் ஆண் என்றாவது பைத்தியமாவான். உலகைக் காக்க வேண்டியவனே அதை அழிக்கவும் கூடும் என்பதுதான் அத்தனை புத்தகங்களையும் இழுத்துச் செல்லும் பயம். அதனால்தான் ஜோர்டன் முதல் பக்கத்திலேயே பழைய டிராகனான லூஸ் தெரினைக் காட்டுகிறார்: பித்துப் பிடித்து மனைவி மக்களைக் கொன்றுவிட்டு, கொன்றது தெரியாமல் அவர்களைத் தேடித் திரிகிறான். சீரீஸ் இந்த முன்னுரையைத் தூக்கிவிட்டது. டிராகன் பெண்ணாகவும் பிறக்கலாம் என்றது. எக்வீனோ நைனீவோ டிராகனாக இருந்தால் பித்துப் பிடிக்கும் ஆபத்தே கிடையாது. அப்புறம் அந்தப் பட்டத்துக்கு ஏன் ஊரே நடுங்க வேண்டும்?

அடுத்த சேதம் ராண்டுக்கு. முதல் நாவலின் பெரும்பகுதியை நாம் அவன் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். மர்மம் காக்க வேண்டுமானால் அவன் மனதைத் திறக்க முடியாது. ஆகவே ஆறு எபிசோட் வரை அவனை ஓரத்தில் நிறுத்தி வைத்து, ஏழாவதில் "முன்பு ஒரு கதவு மாயமாக உடைந்ததே, அதை உடைத்தது அவன்தான்" என்று பழைய காட்சிகளைத் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். நாவலில் ராண்டும் மாட்டும் கேம்லின் போகும் சாலையில் சத்திரம் சத்திரமாகப் பாட்டும் வித்தையும் காட்டிப் பிழைப்பார்கள். தனக்குள் ஏதோ மாறுகிறது என்று ராண்ட் அஞ்சத் தொடங்குவது அங்கேதான். அந்தப் பயணம் கரைந்துபோனது. கேம்லின் நகரமும் போனது, அந்நகரத்து இளவரசி எலேன் இரண்டாம் சீசனுக்குத் தள்ளப்பட்டாள்.

கடைசி எபிசோட் உங்களுக்கு ஒட்டாததும் இதனால்தான். புத்தகத்தில் 'உலகின் கண்' என்பது மாயசக்தியைக் கையாளும் ஐஸ் செடாய்கள், ஆணும் பெண்ணுமாக, உயிரைக் கொடுத்து உருவாக்கிய நஞ்சில்லாத சைடின் குளம். காவலுக்கு இருப்பவன் தன் இனத்தின் கடைசி ஆளான பச்சை மனிதன். அந்தச் சக்தியை எடுத்துத்தான் ராண்ட் டார்வின் கணவாயில் டார்க் ஒன்னின் அரக்கர்களான ட்ரோலாக் படையை அழிக்கிறான். சீரீஸில் குளமும் இல்லை, பச்சை மனிதனும் இல்லை. பயிற்சி அரைகுறையான சில பெண்கள் கைகோர்த்து அந்தப் படையைச் சாம்பலாக்குகிறார்கள், கருகிக் கிடக்கும் நைனீவை எக்வீன் எழுப்பிவிடுகிறாள். ஒரு மாயசக்திக்கு எல்லை எங்கே என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போனால், அதற்கப்புறம் வரும் எந்த ஆபத்தும் ஆபத்தாகத் தோன்றாது.

பெரின் விஷயத்தில் கடைசி மூன்று நாவல்களை எழுதி முடித்த பிராண்டன் சாண்டர்சனுக்கே உடன்பாடில்லை, அதை அவர் வெளிப்படையாகச் சொன்னார். கோடரியா சுத்தியலா, அதாவது சண்டையா கொல்லுத்தொழிலா என்ற பெரினின் தடுமாற்றம் பல புத்தகங்களில் மெல்ல வளர்வது. அதை ஒரே அதிர்ச்சியில் காட்டப் பார்த்தார்கள். விளைவு, அவன் மனைவியை இழந்த சோகத்திலேயே சீசன் முழுக்கப் பேசாமல் நடந்தான்.

நெடுங்கதைப் பிரியை:

தறிக்காரன் சொல்வதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஆனால் 7, 8 எபிசோட்களின் பழியை முழுக்க எழுத்தாளர்கள் மேல் போடக்கூடாது. ப்ராகில் நடந்த படப்பிடிப்பு 2020 மார்ச்சில் கோவிட்டால் நின்றது. மறுபடி தொடங்கியபோது மாட்டாக நடித்த பார்னி ஹாரிஸ் திரும்பி வரவில்லை. ஆறாவது எபிசோட் முடிவில் மற்றவர்கள் மாயப் பாதையின் வாசலுக்குள் போக, மாட் மட்டும் நுழையாமல் வெளியிலேயே நின்றுவிடுகிறானே, அது கதைக்காக நின்றதல்ல, நடிகர் இல்லாததால் நின்றது. மாட் இருக்க வேண்டிய காட்சிகளையெல்லாம் மாற்றி எழுத வேண்டியிருந்தது. இரண்டாம் சீசனிலிருந்து டோனல் ஃபின் வந்தார், அந்தப் பாத்திரத்துக்கு உயிரும் வந்தது.

ஸ்டெபின் என்ற வார்டரின் (ஐஸ் செடாயோடு பிணைக்கப்பட்ட காவலன், லானும் அப்படித்தான்) துக்கத்துக்கு ஐந்தாவது எபிசோடில் அவ்வளவு நேரம் கொடுத்ததைப் பலர் திட்டுகிறார்கள். நான் அதை ஆதரிக்கிறேன். ஐஸ் செடாய் இறந்தால் அவள் வார்டர் என்னாவான் என்று நாவல் பல இடங்களில் வசனமாகச் சொல்லும். திரையில் அதை ஒருமுறை கண்ணால் பார்த்தால்தான் லானுக்கும் மொய்ரேனுக்கும் இடையே இருக்கும் கட்டு புரியும். எனக்கு ஆறாதது வேறு: அப்படிப் பொறுமையாகக் கட்டிய அந்தப் பிணைப்பை, இரண்டாம் சீசனில் மொய்ரேன் தன் சக்தியை இழந்தவளாக நம்பிக்கொண்டு லானைத் தள்ளி வைப்பதில் செலவழித்தார்கள். புத்தகத்தில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. எட்டே எபிசோட் உள்ள சீசனில் அது பெரிய விரயம்.

ஃபால்மே:

இரண்டாம் சீசனின் முடிவுக்கும் தயாராக இருங்கள். நாவலில் ராண்டும் டார்க் ஒன்னின் தளபதியான இஷமேலும் வானத்தில் மோதுவதை ஊரே அண்ணாந்து பார்க்கிறது. டிராகன் வந்துவிட்டான் என்ற செய்தி பரவுவதே அதனால்தான். ராண்டின் விலாவில் விழும் ஆறாத காயமும் அங்கேதான். சீரீஸில் ஒரு கோபுர உச்சியில் சட்டென்று முடிகிறது. எதிரிப் படையின் பிரபு டுராக்குடன் ராண்ட் போடும் வாள் சண்டையும் இல்லை. லான் கற்றுக்கொடுத்த வாள்வித்தை பலிக்கும் இடம் அது.

மலைக்குருவி:

நன்றி. மர்மம்தான் வேர் என்று பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறது. அப்படியென்றால் ராண்ட்தான் டிராகன் என்று தெரிந்த பிறகு சீரீஸ் மேலேற வேண்டுமே? மூன்றாம் சீசனைப் பாராட்டுகிறார்களே, அதனால்தானா? தங்கைக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

தறிக்காரன்:

ஆம், மேலேறியது. முழுதாகப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் இதை மட்டும் பாருங்கள். முதல் சீசனில் ஏழாவது எபிசோடின் தொடக்கம்: பாலைவன வீர இனமான ஏயலைச் சேர்ந்த நிறைமாதப் பெண் பனிமலையில் போரிடும் காட்சி. புத்தகத்தில் ராண்டை வளர்த்த அப்பா டாமின் காய்ச்சல் பிதற்றலாக மட்டும் வருவதைத் திரைக்கே உரிய முறையில் விரித்தார்கள். இரண்டாம் சீசனில் ஆறாவது: எக்வீன், மாயசக்தி உள்ள பெண்களை அடிமையாக்கும் கழுத்துப்பட்டையில் சிக்கும் பகுதி, பார்ப்பதற்குக் கடினம், ஆனால் நாவலின் கொடூரம் குறையவில்லை.

மூன்றாம் சீசனில் நான்காவது எபிசோடைக் கட்டாயம் பாருங்கள். ஏயல்களின் புனித நகரான ருயிடியனில் கண்ணாடித் தூண்களுக்கிடையே நடக்கும் ராண்ட், தன் முன்னோர்களின் வாழ்க்கையைப் பின்னிருந்து முன்னாகக் காண்கிறான். நான்காம் நாவலின் 25, 26ஆம் அத்தியாயங்கள் இவை, ஜோர்டன் எழுதியதிலேயே உச்சம் என்பேன். ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே அந்த முன்னோர்களாகவும் நடித்தார். வரிசையைக் குலைக்கவில்லை, விளக்கம் சொல்லித் தடுக்கவுமில்லை. ஏழாவதில் நாயகர்களின் சொந்த ஊரான டூ ரிவர்ஸில் நடக்கும் போர். அதோடு சரி, 2025 மே மாதம் சீரீஸை ரத்து செய்துவிட்டார்கள். கதை ஏறத்தாழ நான்காம் புத்தகத்தின் முடிவில் நிற்கிறது.

தங்கை ஐந்தாம் புத்தகத்தில் தொடரக் கூடாது. சீரீஸில் நாயகர்களின் நண்பன் லோயல் இறக்கிறான், ஐஸ் செடாய்களின் தலைவி சுவானின் தலை வெட்டப்படுகிறது. நாவலில் இருவருக்குமே அந்த முடிவு இல்லை, சுவானுக்கு அதற்குப் பிறகுதான் பெரிய வேலையே இருக்கிறது. ஐந்தில் தொடங்கினால் பத்துப் பக்கத்துக்குள் குழம்பிவிடுவாள். முதல் புத்தகத்திலிருந்தே படிக்கச் சொல்லுங்கள், வெளிவந்த வரிசையில். 2004இல் வந்த முன்கதையைப் பத்தாம் புத்தகத்துக்குப் பிறகு வைத்துக்கொண்டால் போதும், முதலில் படித்தால் மொய்ரேனைப் பற்றிய புதிர் உடைந்துவிடும். 8 முதல் 10 வரை வேகம் நன்றாகக் குறையும், பத்தாவது மிக மெதுவானது. அங்கே நிறுத்திவிட வேண்டாம், 11இல் ஜோர்டன் மறுபடி முழு வேகத்துக்கு வருகிறார். அவர் தனியாக முடித்த கடைசிப் புத்தகமும் அதுதான்.

பெயர்கள் மறந்தால் கூகுளில் தேடவே கூடாது, முதல் வரியிலேயே யார் சாவார் என்று வந்துவிடும். அந்தந்தப் புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நெடுங்கதைப் பிரியை:

படிக்க நேரமில்லை என்றால் ஒலிப்புத்தகம் உண்டு. மைக்கேல் க்ராமரும் கேட் ரீடிங்கும் வாசித்தது 14 புத்தகத்துக்கும் கிடைக்கும். முதல் சிலவற்றை ரோசமண்ட் பைக்கும் தனியாக வாசித்திருக்கிறார். சீரீஸிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் குரல் பழகியது, தங்கைக்கு அதையே சொல்வேன்.