பதில் குரலும் நேரலையும்: அட்லாண்டா சபை ஒன்றில் என் அனுபவம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள அட்லாண்டாவில் கறுப்பின மக்கள் கூடும் பாப்டிஸ்ட் சபை ஒன்றில், ஞாயிறு ஆராதனையை இணையத்தில் நேரலை செய்யும் குழுவில் ஊழியம் செய்துவருகிறேன். இத்தகைய சபைகளில் போதகர் மட்டும் பேசி முடிப்பது பிரசங்கம் ஆகாது. அவர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்துவார்; இருக்கைகளிலிருந்து "ஆமென்" என்றும் "சொல்லுங்கள், பாஸ்டர்" என்றும் பதில் எழும்; ஹாமண்ட் ஆர்கன் என்ற மின்னிசைக் கருவியை வாசிப்பவர் அதற்கு இசை சேர்ப்பார்; அதன் பிறகுதான் அடுத்த வரி பிறக்கும். தொழில்நுட்பம் இம்மக்களின் வழிபாட்டை எங்கே மிக ஆழமாகத் தொட்டது என்று கேட்டால், இந்தப் பதில் குரலைத்தான் சொல்வேன்.

2020 மார்ச்சில் ஆலயத்தை மூடினார்கள். இதே ஜார்ஜியாவின் அல்பனி நகரில், இறுதிச் சடங்குக்குக் கூடியவர்களிடையே கொரோனா பரவி உயிர்கள் போன செய்தி வந்திருந்ததால் எவரும் மறுப்புச் சொல்லவில்லை. நேரலைப் படம் வீடுகளைச் சென்றடைவதற்கு அரை நிமிடம்கூடத் தாமதமாகும். போதகர் வழக்கம்போல் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தினார். வெற்று இருக்கைகளிலிருந்து பதில் வரவில்லை. ஆர்கன் வாசித்தவர் அந்த இடைவெளியை இசையால் நிரப்பினார். மக்கள் தட்டச்சு செய்த ஆமென்கள் என் திரையில் வரிசையாக ஏறியபோது, போதகர் வேறொரு வசனத்துக்குப் போய்விட்டிருந்தார். அடுத்த வாரம் முதல், கேமராவுக்குப் பின்னால் நிற்கும் நாங்களே உரக்கப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், அப்படியே செய்தோம்.

இதற்கு முன்னோடி இதே ஊரில் இருக்கிறது. அட்லாண்டாவைச் சேர்ந்த போதகர் ஜே. எம். கேட்ஸ் 1926 முதல் இசைத்தட்டுகளுக்காகப் பிரசங்கம் செய்தபோது, பதில் சொல்வதற்கென்றே சபையார் சிலரும் அவருடன் பதிவில் பங்கேற்றார்கள். பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் தந்தையான சி. எல். ஃபிராங்க்ளின், டெட்ராய்ட்டின் நியூ பெத்தேல் சபையில் ஆற்றிய பிரசங்கங்களின் இசைத்தட்டுகளிலும் மக்களின் ஆரவாரம் தெளிவாகக் கேட்கிறது. பதில் குரல் இல்லாவிட்டால் பிரசங்கம் பாதிதான் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்.

எனக்கு மிகவும் வியப்பளித்தது தொலைபேசி ஜெபம். விடியற்காலையில் ஒரு பொது எண்ணை அழைத்து, பலரும் ஒரே இணைப்பில் கூடி ஜெபிக்கும் வழக்கம் கொரோனாவுக்கு முன்பே இங்கு இருந்தது. அதற்கு இணையமோ நவீனக் கைப்பேசியோ தேவையில்லை. நட்சத்திரக் குறியையும் 6-ஐயும் அழுத்தினால் நம் குரல் மற்றவர்களுக்குக் கேட்கும். தாமதம் உணர முடியாத அளவே என்பதால், ஒருவர் ஜெபிக்கும்போதே "ஆம், ஆண்டவரே" என்று மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். சபைத் தாய் என்று மதிக்கப்படும், எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி அந்த இணைப்பில் தொடங்கும் ஜெபத்துக்கு எழும் பதிலைக் கேட்டபோது, எங்கள் உயர்தரக் கேமராக்களால் தர முடியாததைப் பழைய தொலைபேசி தந்துவிட்டது என்றே உணர்ந்தேன்.

திறந்த வாசலின் ஆபத்தையும் கண்டேன். ஒரு புதன்கிழமை, காணொளி வழியாக நடந்த வேதபாட வகுப்பில் முகம் தெரியாத சிலர் நுழைந்து இனவெறிச் சொற்களைக் கத்தினார்கள். மூத்தவர்கள் நடுங்கியது வெறும் திரைத் தொல்லைக்காக அல்ல. 2015 ஜூன் 17 அன்று, அதுவும் ஒரு புதன்கிழமை, தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பின மக்களின் இமானுவேல் சபையில் நடந்த வேதபாட வகுப்பில் வரவேற்று அமர்த்தப்பட்ட வெள்ளை இனவெறியன் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். அந்த நினைவு அவர்களை விட்டு அகலவில்லை. இப்போது காணொளியில் சேர விரும்புகிற ஒவ்வொருவரையும் காத்திருக்கச் செய்து, பெயரைச் சரிபார்த்த பின்னரே அனுமதிக்கிறோம்.

காணிக்கையைச் செயலி வழியாகச் செலுத்தும் வசதி நல்லதே. தொலைவில் குடியேறியவர்களும் தாய்ச்சபையைத் தாங்குகிறார்கள். ஆனால் வரிசையாக முன்னே நடந்து சென்று படைக்கும் மகிழ்ச்சி அதில் இல்லை என்று பலர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆலயம் மீண்டும் திறந்தபின், இருக்கைகளை நோக்கி இரண்டு ஒலிவாங்கிகளைக் கூடுதலாகத் தொங்கவிட்டோம். மக்களின் குரலைப் போதகரின் குரலுக்குச் சற்றே கீழே வைத்து நேரலையில் கலக்கிறேன். அதே ஒலியைத் தொலைபேசி இணைப்புக்கும் அனுப்புகிறோம்.