100 ஷேர் வைத்திருப்பவருக்குக் கம்பெனியில் என்ன வேலை? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாம்பலம்வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். பல வருடம் முன்பு அப்பாவோடு ஒரு கம்பெனியின் ஏஜிஎம்முக்கு (பங்குதாரர்களின் வருடாந்திரப் பொதுக்கூட்டம்) போனேன். சபா ஹால். கச்சேரி மேடையில் டைரக்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, கீழே பாதிப் பேர் கண்ணும் ஸ்வீட் பாக்ஸ் டோக்கன் மேல்தான். (2015-இல் கூட்டத்தில் பரிசு எதுவும் கொடுக்கக் கூடாதென்று விதி வந்தபிறகு அப்பாவின் நண்பர்கள் சிலர் போவதையே நிறுத்திவிட்டார்கள், அது வேறு கதை.) ஒரு பெரியவர் மட்டும் ஆண்டறிக்கை முழுக்கப் பென்சிலால் கோடு போட்டு எடுத்து வந்திருந்தார். மைக் கைக்கு வந்ததும், ‘சேர்மன் குடும்பத்துக் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்களே, வட்டி என்ன?’ என்றார். தனியாக எழுதி அனுப்புகிறோம் என்று மேடையிலிருந்து பதில். ‘தனியாக வேண்டாம் சார், நான் எல்லார் முன்னாலும்தானே கேட்டேன்.’ ஹாலில் சத்தமே இல்லை, அப்புறம் ஒரு அதிகாரி பக்கத்தைப் புரட்டிப் படித்துச் சொன்னார்.

அப்பாவுக்குப் பிறகு அந்தக் கம்பெனியின் 100 ஷேர் என் டீமேட் கணக்குக்கு (ஷேரை மின்னணு முறையில் வைக்கும் கணக்கு) வந்தது. நானும் முதலாளிதானே என்ற தோரணையில் வீடியோ ஏஜிஎம்மில் பேசப் பதிவு செய்து, லாபம் நன்றாக வந்திருக்கிறது, டிவிடெண்டை (பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) ஏற்றுங்கள் என்றேன். கம்பெனி செகரட்டரி பொறுமையாகச் சொன்னார்: போர்டு (டைரக்டர்கள் குழு) பரிந்துரைத்த தொகையைப் பங்குதாரர்கள் ஏற்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. அவ்வளவு பேர் முன்னால் அசடு வழிந்தது. தினசரி நிர்வாகம் போர்டு கையில். டைரக்டரை நியமிப்பது, நீக்குவது, ஆடிட்டர் நியமனம், கணக்கை ஏற்பது, இதெல்லாம்தான் நம் ஓட்டுக்கு வரும்.

ராத்திரி ஷிப்ட்:
ஓட்டு சும்மா இல்லை. 2021 ஆகஸ்டில் ஐஷர் மோட்டார்ஸ் (புல்லட் வண்டிக் கம்பெனிதான்) ஏஜிஎம்மில் சித்தார்த்த லாலை மறுபடி நிர்வாக இயக்குநராக நியமிக்கும் தீர்மானமே தோற்றது. சிறப்புத் தீர்மானம் என்றால் விழுந்த ஓட்டில் 75 சதவீதம் வேண்டும், வந்தது 73 சதவீதம் அளவுதான். லால் குடும்பத்தின் கையில் இருந்த பங்கு பாதிக்குச் சற்றுக் குறைவு, அதனால் மற்றவர்கள் ஓட்டும் கணக்கில் வந்தது. அவர் மேல் கோபமில்லை, சம்பள உயர்வுதான் உறுத்தியது. சம்பள உச்சவரம்பைக் குறைத்துக்கொண்டு மறுபடி வந்தார்கள், நிறைவேறியது.

என்னிடமும் அதில் கொஞ்சம் ஷேர் இருந்தது. இ-ஓட்டு (ஆன்லைனில் ஓட்டுப் போடுவது) மெயில் வந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன், கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை 5 மணிக்கு மூடிவிட்டார்கள்.

மாம்பலம்வாசி:
முன்பே போடாதவர்கள் கூட்டம் நடக்கும்போதும் போடலாமே, லாகின் செய்தால் போதும்.

ராத்திரி ஷிப்ட்:
அதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். போச்சு.

கொங்குக்காரி:
எங்களுடையது பங்குச்சந்தையில் லிஸ்ட் ஆகாத குடும்பக் கம்பெனி. தாத்தா எழுதிவைத்ததில் அம்மா பெயரில் 12 சதவீதம். டிவிடெண்ட் கிடையாது, கணக்குக் கேட்டால் ‘பொம்பளைங்களுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்பார் மாமா. எங்கள் ஆடிட்டர்தான் சொன்னார்: 2013 நிறுவனச் சட்டப்படி 10 சதவீத ஓட்டுரிமை இருந்தால் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்டச் சொல்லி எழுதலாம். போர்டு 21 நாளுக்குள் ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும், கடிதம் கிடைத்த 45 நாளுக்குள் கூட்டம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டவர்களே கூட்டலாம். அம்மா கையெழுத்துப் போடவே ரெண்டு நாள் யோசித்தாள், கூடப்பிறந்தவர் ஆயிற்றே. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். எட்டாவது நாள் மாமா மூன்று வருடத்து பேலன்ஸ் ஷீட்டோடும் ஒரு பலாப்பழத்தோடும் வாசலில் நின்றார். பலாப்பழத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அம்மா முதலில் பேலன்ஸ் ஷீட்டைத்தான் பிரித்தாள்.

ராத்திரி ஷிப்ட்:
மாமா இப்போது பேசுகிறாரா?

கொங்குக்காரி:
பேசுகிறார், ஆடிட்டரிடம்.