மஞ்சள் புரதம் அவிழ்கிறதா, அசைகிறதா?

படிகப்பித்தன்:
உப்பு ஏரி பாக்டீரியாவான ஹாலோரோடோஸ்பைரா ஹாலோஃபைலாவின் மஞ்சள் புரதம் (பி.ஒய்.பி.) நீல ஒளி பட்டதும் தன் மடிந்த வடிவத்திலிருந்து பாதி அவிழ்ந்துவிடுமாம். நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எங்கே அவிழ்கிறது? 1997-லேயே புரதத்தைப் படிகமாக்கி, அதில் லேசர் அடித்து எக்ஸ்ரேயில் பார்த்தாயிற்று. நிறமி (புரதத்துக்குள் ஒளியை உறிஞ்சும் சிறு மூலக்கூறு) திரும்பி வெளியே எட்டிப் பார்க்கிறது, சங்கிலியின் 52-ஆவது அமினோ அமிலமான ஆர்ஜினைன் வழிவிட்டு ஒதுங்குகிறது. மொத்தம் 125 அமினோ அமிலம். மற்றதெல்லாம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது.

உப்பளத்தான்:
எழுதியது நான்தான். படிகத்தில் பக்கத்துப் புரதங்கள் நாலாபுறமும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. தீபாவளிக்கு முந்தின நாள் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஒருத்தர் கையை நீட்டவில்லை என்பதால் அவருக்குக் கை நீட்டவே வராது என்பீர்களா? கரைசலில் வைத்து 1998-ல் என்எம்ஆர் (அணுக்கருக்களின் காந்த சிக்னலை வைத்து வடிவத்தை அறியும் முறை) எடுத்தபோது ஒரு பெரும்பகுதியின் ஒழுங்கே குலைந்திருந்தது.

படிகப்பித்தன்:
குலைந்தது என்று எப்படித் தெரியும்? சிக்னல் காணோம், அவ்வளவுதானே. மில்லி நொடிக் கணக்கில் இரண்டு மூன்று வடிவத்துக்கு இடையே போய்வந்தாலும் சிக்னல் கோடு அகன்று மறைந்துவிடும். அதற்குப் பெயர் அவிழ்வது இல்லை.

உப்பளத்தான்:
அப்படிப் போய்வருவதைத்தானே ஐயா நெகிழ்வு என்கிறோம்!
சரி, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். கியூவெட்டில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) மஞ்சள் கரைசல். நீல எல்இடி காட்டினால் வடிவம் மாறி வெளுத்துப்போகும், அணைத்த ஒரு நொடிக்குள் மறுபடி மஞ்சள். அதே புரதத்தில் சங்கிலியின் முன்முனையில் வாலாகத் தொங்கும் அமினோ அமிலங்கள் இருபத்தைந்தை நறுக்கிவிட்டுப் பாருங்கள். இருட்டில் நிறம் கிட்டத்தட்ட அதேதான், ஆக நிறமி உட்கார்ந்திருக்கும் குழி கெடவில்லை. ஆனால் வெளுத்தபின் மஞ்சள் திரும்ப நிமிடக் கணக்கில் ஆகிறது. டீ குடித்துவிட்டு வரலாம். நிறமி ஒட்டியிருப்பது 69-ஆவது அமினோ அமிலமான சிஸ்டீனில். முனையில் தொங்கும் வாலுக்கு அங்கே என்ன வேலை? வாலும் சேர்ந்து நகர்ந்தால்தானே அது இல்லாதபோது திரும்பி வருவது இடறும்?

தவளைக்கிணறு:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நீல ஒளியைக் கண்டு பாக்டீரியா விலகி நீந்துவதற்கு இந்தப் புரதம்தான் காரணம் என்பதற்கு 1993-ல் காட்டிய ஆதாரமே, விலகவைக்கும் அலைநீளமும் புரதம் ஒளியை உறிஞ்சும் 446 நானோமீட்டரும் பொருந்தின என்பதுதான். கல்யாணமே நிச்சயமாகவில்லை, நீங்கள் பந்திக்குச் சண்டை போடுகிறீர்கள்.

உப்பளத்தான்:
நியாயம்தான். ஆனால் நாங்கள் பேசுவது புரதம் என்ன செய்கிறது என்று. பாக்டீரியா என்ன செய்கிறது என்பது வேறு இழை.

படிகப்பித்தன்:
வால் சமாச்சாரத்தை ஒத்துக்கொள்கிறேன், படிகத்தில் அது தெரியாது. ஆனால் வால் விலகுவது வேறு, பாதிப் புரதம் அவிழ்வது வேறு. நேற்றைய பதிவில் 'பாதி' என்ற சொல்லை எடுங்கள், லைக் போடுகிறேன்.

உப்பளத்தான்:
'ஒரு பகுதி' என்று திருத்திவிட்டேன். லைக் எங்கே?