கூம்பைக் கொஞ்சம் திருப்பிக் கட்டுங்க அண்ணே

சூளைமேட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தெருவில் எதிர்வீட்டில் தாளித்தால் எங்கள் கூடத்தில் கேட்கும். தண்ணி லாரி, கோலமாவு வண்டியில் ஓடுகிற ரெக்கார்டு குரல், பழைய பேப்பர்க்காரர் எல்லாம் பிழைப்புச் சத்தம். வரும், போய்விடும். நான் சொல்ல வந்தது ஆடி மாதத்தைப் பற்றி.

போன வருடம் ஆடி மூன்றாவது ஞாயிறு. மாமனாருக்கு ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். விடிகாலை 5 மணிக்குப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் ஒரு கூம்பு ஸ்பீக்கர். அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி கிர்ரென்றன. மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, போர்வையை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். "சாமி காரியம், விடும்மா" என்றுதான் சொன்னார்.

எனக்கு விட மனசில்லை. பால்கனியில் நின்று கத்தினேன். கீழே இருந்த பையன்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள், சத்தம் இன்னும் கூடியது. 100க்குப் போன் போட்டேன். ரோந்து வண்டி வந்தது, குறைத்தார்கள், வண்டி தெருமுனை திரும்பியதும் பழையபடி ஏற்றினார்கள். புகார் யார் வீட்டிலிருந்து போனது என்று மட்டும் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு மாதம் என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சட்டம் என் பக்கம்தான். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. திருவிழாவுக்கென்று அரசு விலக்கு கொடுத்தாலும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் முடியாது, அதுவும் நள்ளிரவு 12 வரைதான். இதையெல்லாம் படித்து வைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த ஆடிக்கும் அதே தெருவில்தானே இருக்கப்போகிறேன்?

இந்த வருடம் வெள்ளிக்கிழமை சாயங்காலமே மைக்செட் அண்ணன் ஏணி சாத்திக் கம்பத்தில் ஏறியதைப் பார்த்தேன். ஒரு சொம்பு மோர் எடுத்துக்கொண்டு இறங்கினேன். "அண்ணே, பாட்டு போட வேணாம்னு சொல்லல. வீட்ல ஹார்ட் பேஷன்ட் இருக்காரு. இந்தக் கூம்பு மட்டும் எங்க ஜன்னலைப் பாக்காம இருந்தா போதும்" என்றேன். அவர் ஏணியில் நின்றபடியே உள்ளே பார்த்தார். மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "கூம்பு எந்தப் பக்கம் வாயை வெச்சிருக்கோ அந்தப் பக்கம்தாம்மா அடிக்கும். போன வருசமே யாராவது சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிக்கொண்டே போல்ட்டைத் தளர்த்தி மெயின் ரோடு பக்கம் திருப்பிவிட்டார். அந்தப் பக்கம் எல்லாம் கடைகள், ஞாயிறு பூட்டியிருக்கும். ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள் என்று விழாக் குழுப் பெரியவரிடமும் கேட்டேன். ஐந்தே முக்காலுக்கு இறங்கி வந்தார்.

போன் செயலி டெசிபலைத் துல்லியமாகக் காட்டாதுதான். இருந்தாலும் அதே ஜன்னலில், அதே போனில், போன வருடம் 88 காட்டியது, இந்த வருடம் 71. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும் என்பார்கள். விதிப்படி 71-உம் அதிகம்தான். ஆனால் அன்றைக்கு மாமனார் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கூழ் குடித்தார்.

*

பல்லாவரத்திலிருந்து. அக்கா சொன்னது தெரிந்த தெருவுக்குச் சரி. கடற்கரை போகிற மின்சார ரயிலில் யாரிடம் முன்கூட்டியே போய்ச் சொல்வது? கிண்டியில் ஏறிய ஒரு தம்பி போனில் வீடியோ மேல் வீடியோவாகத் தள்ளிக்கொண்டே வந்தார், முழுச் சத்தத்தில். குறைக்கச் சொன்னேன். "நானும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கேன் சார்" என்றார். அதுவரை முகம் சுளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அந்தத் தம்பியைவிட அவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு அம்மா வேறொருவரிடம் இதையே கேட்டார். அவர் பதில் சொல்வதற்குள் "ஆமாங்க, கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று நானும் சொன்னேன். எதிர் சீட்டில் இருந்தவரும் சொன்னார். போன் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. இப்போதெல்லாம் யாராவது கேட்டால் இரண்டாவது குரல் என்னுடையதாக இருக்கும்.

*

நான் நர்ஸ், பெரம்பூர். மாதத்தில் பாதி நாள் இரவு டூட்டி. காலை 9 முதல் மதியம் 2 வரைதான் தூக்கம். அக்கா சொல்கிற விதியில் இரவு என்றால் 10 முதல் 6. என்னுடைய இரவு அதில் இல்லை. அதனால் யாரிடமும் உரிமையாகக் கேட்க முடியாது, தயவாகத்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். டைல்ஸ் அறுக்கிற மெஷின் பல்லைக் கூசவைக்கும். மூன்று நாள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துப் பார்த்தேன். நாலாவது நாள் டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராக மேஸ்திரியிடம் போனேன். என் தூங்குகிற நேரத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அறுக்கிறதை மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கிறோம், காலையில பூச்சு வேலை பாக்கறோம். ஆனா தினமும் முடியாதும்மா, சரக்கு வர்ற நாளைக்குப் பாக்க முடியாது" என்றார். வாரத்தில் நாலு நாள் சொன்னபடி நடக்கிறது. சரக்கு வருகிற நாளில் சித்தாள் அக்கா கேட் வரை வந்து, "இன்னைக்கு முடியாது பாப்பா, அம்மா வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கோ" என்று முன்னாடியே சொல்லிவிடுகிறார். நானும் பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுகிறேன்.