5 மி.மீ. கல்: பாலை நிறுத்தவா?

கேள்வி: வேன் ஓட்டுகிறேன். இடுப்பில் பிடித்த வலி தொடை இடுக்கு வரை இழுக்கிறது. ஸ்கேனில் சிறுநீர்க்குழாயில் 5 மி.மீ. கல். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். வீட்டில் பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில் 1: வேண்டாம் அண்ணே. பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட் கல்தான். பால் போன்ற சாப்பாட்டில் உள்ள கால்சியம், ஆக்சலேட் என்ற பொருளைச் சிறுநீருக்குப் போகவிடாமல் குடலிலேயே பிடித்துக்கொள்ளும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, இந்த உப்புக் கூட்டத்தைக் குறையுங்கள்.

பதில் 2: வாழைத்தண்டுச் சாறு குடிங்க, கரைஞ்சிடும்.

பதில் 3: சாறு குடிக்கலாம், ஆனால் அது கல்லைக் கரைக்கும் என்பதற்கு நிரூபணமில்லை; அதை நம்பி மாத்திரையை விட வேண்டாம். இந்த அளவுக் கல் பல பேருக்குத் தானாகவே இறங்கிவிடும். டீ வடிகட்டி ஒன்றைத் தனியாக வைத்துச் சிறுநீரை வடிகட்டுங்கள். கல் சிக்கினால் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.