சாலை நடுவே முழு ரயில்: தண்டவாளம், பள்ளம், பிரேக் எல்லாம் எப்படி?

நெடும்பாதை (கேள்வி)

ஜப்பானின் ஓட்சு நகரில் நான்கு பெட்டி ரயில் ஒன்று கார், பேருந்துகளுக்கு நடுவே தார்ச்சாலையில் ஊர்ந்து போகும் காணொளிகள் நிறையச் சுற்றுகின்றன. அது டிராம் இல்லை, கியோட்டோ சுரங்க மெட்ரோவில் இருந்து நேராக வருகிற வண்டி. அமெரிக்காவில் லா கிரேஞ்ச் என்ற ஊரில் கடைத்தெரு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நீள சரக்கு ரயிலே போகிறது. டிராம் எப்படி ஓடுகிறது என்று ஓரளவு தெரியும். கேள்வி முழு ரயிலைப் பற்றியது.

1. சாதாரண தண்டவாளத்தைப் போட்டு இரண்டு பக்கமும் தார் ஊற்றிவிடுகிறார்களா? டிராம் தண்டவாளத்திலேயே ரயிலும் ஓடுமா?
2. சக்கர விளிம்பு போகிற பள்ளத்தில் மண், கல் அடைத்தால் ரயில் ஏறிவிடாதா?
3. முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தால் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?
4. பழுது வந்தால் சாலையையே தோண்ட வேண்டுமா?

பொதுவான விளக்கம் வேண்டாம், அளவுகளோடு சொன்னால் நல்லது.

---

பாதை_மேஸ்திரி

முதல் கேள்வியிலேயே பாதி விஷயம் அடங்கிவிடும்.

தெருவில் போடும் டிராம் தண்டவாளத்தில் பள்ளம் இரும்பிலேயே சேர்ந்து இருக்கும். ஐரோப்பாவில் பரவலாக இருக்கும் 60ஆர்2 ரகம் மீட்டருக்குச் சுமார் 60 கிலோ எடை, 180 மி.மீ. உயரம், அடிப்பாகமும் 180 மி.மீ. அகலம். அதன் பள்ளம் சுமார் 36 மி.மீ. அகலம்தான். இதில் ரயில் சக்கரம் ஓடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அகலப் பாதைக்கும் மீட்டர் கேஜுக்கும் இடைப்பட்ட 1435 மி.மீ. பாதையில், ஒரே அச்சில் உள்ள இரண்டு ரயில் சக்கரங்களின் உட்பக்க இடைவெளி 1360 மி.மீ. இரண்டு பக்கப் பள்ளத்தையும் கழித்தால் 1435 - 72 = 1363. சக்கரங்களுக்கு நடுவே இருப்பது 1360, பள்ளங்களின் உதடுகளுக்கு நடுவே இருப்பது 1363. அதாவது 3 மி.மீ. இடிக்கிறது. சக்கரம் உதட்டின் மேல் ஏறி நிற்கும், அவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குக் குறைந்தது 37.5 மி.மீ. வேண்டும். அதுகூடத் துல்லியமான கணக்கு; ஆட்டத்துக்கு இடம் விட்டால் 41-க்கு மேல் போய்விடும்.

ஆகவே ரயில் ஓடும் தெருவில் இரண்டு வழி. ஒன்று, நம் ரயில்வே கேட்டில் பார்ப்பதுதான்: சாதாரணத் தண்டவாளம், அதன் உட்புறம் ஒட்டினாற்போல் செக் ரயில் என்ற துணைத் தண்டவாளம், நடுவில் பள்ளம். இந்திய அகலப் பாதையில் கேட்டில் இந்த இடைவெளி 51 முதல் 57 மி.மீ., ஆழம் குறைந்தது 38 மி.மீ. அமெரிக்காவில் பொதுவாக 2½ அங்குலம். சரக்கு ரயிலும் நடைபாதையும் சந்திக்கிற இடத்தில் அதிகபட்சம் 3 அங்குலம் வரை அனுமதி, மற்ற பாதைகளில் 2½. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் சிக்கக்கூடாது என்பதற்காகவே அந்த உச்சவரம்பு.

இரண்டாவது வழி சக்கரத்தை மாற்றுவது. மான்செஸ்டர் மெட்ரோலிங்க் 1992-இல் பழைய பிரிட்டிஷ் ரயில் பாதைகள் இரண்டை எடுத்துக்கொண்டு நகரத் தெருக்களோடு இணைத்தபோது இதைத்தான் செய்தது. சக்கரத்தின் பின்பக்கத்தில் ஒரு படி இருக்கும். பள்ளத்துக்குள் இறங்கும் பகுதி மெல்லியது, தண்டவாள மட்டத்துக்கு மேலே இருக்கும் பகுதி தடிப்பு. தெருவில் மெல்லிய பகுதி வேலை செய்யும். ரயில் பாயிண்டுகளில் (வண்டி தடம் மாறும் இடங்களில்) செக் ரயிலைச் சற்று உயர்த்தி வைத்தால் அது தடிப்பான பகுதியைப் பிடிக்கும். நேர்த்தியான தீர்வு, ஆனால் பாயிண்டுகள் எல்லாவற்றிலும் செக் ரயிலை உயர்த்தியாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி. மண் பெரிய ஆபத்து இல்லை. கனமான வண்டி அதை அரைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆபத்து மூன்று: கெட்டியாக அமுங்கிய ஜல்லி, குளிர்நாடுகளில் உறைந்த பனி, சாலைக்காரர்கள் மேல்பூச்சு போடும்போது பள்ளத்துக்குள் வழிந்து கெட்டியாகிவிடுகிற தார். விளிம்பு அதன் மேல் ஏறினால் சக்கரம் தண்டவாளத்தில் படாது. வளைவில் இது நடந்தால் தடம் புரளும், அதுவும் காலிப் பெட்டிகள்தான் முதலில். பாரம் ஏற்றிய பெட்டி அரைத்துவிடுவதைக் காலிப் பெட்டி ஏறிக் கடந்துவிடும். எனவே மேல்பூச்சு வேலை முடிந்ததும் சாலை ஒப்பந்தக்காரர் சொல்வதை நம்பாமல், பாதை ஆள் ஒருவர் அளவுகோலோடு பள்ளம் முழுவதையும் நடந்து பார்த்த பிறகே முதல் வண்டியை விட வேண்டும்.

தண்ணீரும் மறக்கக்கூடாதது. பள்ளம் என்பது தெருவின் நீளத்துக்கும் ஓடுகிற ஒரு வாய்க்கால். தாழ்வான இடங்களிலும் பாயிண்டுக்கு முன்னும் அடியில் ஓட்டை போட்டு, வடிகால் பெட்டி வைத்து, மழைநீர்க் குழாயில் சேர்க்க வேண்டும்.

---

சிவப்பு_விளக்கு

பிரேக் பற்றி நான் சொல்கிறேன்.

ஜப்பானில் தெருவில் ஓடும் எதற்கும் பொதுவான விதி: மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் கூடாது, வண்டியின் நீளம் 30 மீட்டருக்குள். ஓட்சுவில் ஓடும் கெய்ஹான் 800 வரிசை ஒவ்வொரு பெட்டியும் 16.5 மீட்டர், நான்கு சேர்த்து 66. விதியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். தனி அனுமதி பெற்றுத்தான் ஓடுகிறது. 1997 அக்டோபரில் கியோட்டோ சுரங்கப்பாதையோடு இணைந்ததில் இருந்து இப்படி.

நிற்கும் தூரம்: மணிக்கு 40 கி.மீ. என்றால் விநாடிக்கு 11.1 மீட்டர். மின்ரயிலின் அவசர பிரேக் விநாடிக்கு விநாடி 1.2 மீட்டர் வேகம் குறைக்கிறது என்று வைத்தால் சுமார் 51 மீட்டர். ஓட்டுநர் கை வைக்க ஒரு விநாடி, இன்னொரு 11 மீட்டர். மொத்தம் 62. ஆட்டோ 20 மீட்டர் முன்னால் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அதே இடத்தில் 20 கி.மீ. வேகம் என்றால் 13 + 5.5, சுமார் 19 மீட்டர். வேகம் பாதியானால் பிரேக் தூரம் கால் பங்காகிறது. தெருவில் ரயில் ஊர்வதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதுமான காரணம்.

இது உலர்ந்த தண்டவாளத்துக்கு. தெருத் தண்டவாளம் எப்போதும் அழுக்கு: டயர் ரப்பர், எண்ணெய், இலைச் சாறு. தூறல் ஆரம்பித்த முதல் சில நிமிடங்கள்தான் மோசம், நன்றாகப் பெய்துவிட்டால் கழுவிப்போகும். அதற்குத்தான் மணல் தூவும் கருவி. டிராம்களில் தண்டவாளத்தையே பிடிக்கிற காந்த பிரேக்கும் இருக்கும். சக்கரத்தின் பிடிமானத்தை அது நம்பியிருக்காது. சுவிட்சர்லாந்தில் இருந்து இத்தாலியின் திரானோ ஊர்ச் சதுக்கத்துக்குள் வருகிற பெர்னினா ரயிலிலும் காந்த பிரேக் உண்டு, ஆனால் அது 1000-க்கு 70 என்ற மலைச்சரிவுக்காகவும் சேர்த்து.

லா கிரேஞ்ச் சரக்கு ரயில் வேறு ரகம். அங்கே பிரேக் காற்றுக் குழாய் வழியே போகிறது. அவசர பிரேக் அலை விநாடிக்கு ஏறக்குறைய 280 மீட்டர் பாயும். ஒன்றரை கி.மீ. வண்டியில் கடைசிப் பெட்டிக்குச் செய்தி போய்ச்சேரவே ஐந்து விநாடிக்கு மேல் ஆகிவிடும் (கடைசிப் பெட்டியிலிருந்தும் காற்றை வெளியேற்றும் கருவி இருந்தால் குறையும்). ஓட்டுநர் யாருக்காகவும் நிறுத்தப்போவதாக நினைத்துக்கொண்டு போவதில்லை. மணியை விடாமல் அடித்தபடி மெதுவாகப் போவார், மற்றவர்கள் விலக வேண்டும்.

சிக்னலில் ஒரு சிக்கல்: வழக்கமான டிராக் சர்க்யூட் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே சிறு மின்னோட்டம் விட்டு, சக்கரம் அதை இணைத்ததும் 'வண்டி இருக்கிறது' என்று சொல்லும். தெருவில் ஈர மண்ணும், பனிக்காக உப்பு போடும் ஊர்களில் உப்பும் அந்த வேலையைச் செய்துவிடும், வண்டி இல்லாமலே சிவப்பு விழும். அதனால் தெருப்பகுதிக்கு அச்சு எண்ணும் கருவி நல்லது. நேர்மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பும் பாதைகளில் கசிவு மின்சாரம் பக்கத்துத் தண்ணீர்க் குழாயை அரித்துவிடும். புதிய பாதைகளில் தண்டவாளம் முழுவதையும் ரப்பர் உறைக்குள் வைத்துப் புதைப்பது சத்தத்தைக் குறைக்க மட்டும் அல்ல.

---

நெடும்பாதை

இரண்டு பேருக்கும் நன்றி. 1363-க்கும் 1360-க்கும் உள்ள அந்த 3 மி.மீ. கணக்கு இதுவரை எங்கும் படிக்காதது. ஒரு துணைக் கேள்வி: டார்ஜிலிங் ரயிலும் சாலையோடுதான் போகிறது. அது ஏன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டே போகிறது? ஒரே ஓரமாகப் போட்டிருந்தால் கிராசிங்கே வேண்டாமே.

---

கரிவண்டி

ஏனென்றால் சாலைதான் முதலில் வந்தது. ஹில் கார்ட் ரோடு மாட்டுவண்டிக்காகப் போடப்பட்டது. அதன் மேலேயே 610 மி.மீ. பாதையைப் போட்டால் புதிதாக மலையை வெட்ட வேண்டாம் என்பதே 1879-81 கட்டுமானத்தின் சிக்கனம். ஆனால் மாடு திரும்புகிற வளைவில் ரயில் திரும்பாது. கொண்டை ஊசி வளைவில் உள்ஓரத்தில் போனால் வளைவு மிகக் குறுகல், வெளிஓரத்துக்கு மாறினால் சில அடி ஆரம் கூடும். அந்தச் சில அடிக்காகத்தான் சாலையைக் குறுக்கே கடக்கிறது. அப்படியும் போதாத இடங்களில் சாலையை விட்டு விலகி வளையமாகச் சுற்றுகிறது, அல்லது 'இசட்' வடிவில் முன்னும் பின்னுமாக ஏறுகிறது. திந்தாரியாவுக்கு அருகே உள்ள அகோனி பாயிண்ட் வளைவின் ஆரம் 60 அடிக்கும் சற்றுக் குறைவு. எந்தப் பேருந்து ஓட்டுநரும் அதை மரியாதையோடு பார்ப்பார்.

சரிவு ஏறக்குறைய 20-க்கு 1 வரை போகிற இடங்கள் உண்டு. பி வகை நீராவி எஞ்சினின் முன்பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து தண்டவாளத்தில் கையால் மணல் போடுவதைப் படங்களில் பார்க்கலாம். சிவப்பு_விளக்கு சொன்ன அதே அழுக்குப் பிரச்சினைதான். சாலைச் சேறு டயரில் ஒட்டித் தண்டவாளத்தில் பூசப்படுகிறது. வேகமோ மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கி.மீ.தான், குர்சியோங் கடைவீதியில் அதுவும் குறையும்.

அங்கே நிஜமான தலைவலி நிறுத்தி வைத்த வண்டிகள். தண்டவாளத்தில் நிற்காவிட்டாலும் போதாது. பெட்டி தண்டவாளத்துக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்று நிறுத்துகிறவருக்குத் தெரிவதில்லை. சக்கரம் தப்பும், பின்பார்வைக் கண்ணாடி போகும். தண்டவாளத்தை வைத்து இல்லாமல், பெட்டியின் அகலத்தை வைத்துத் தரையில் கோடு போடுவதுதான் வேலைக்கு ஆகும்.

---

பாதை_மேஸ்திரி

கரிவண்டி சொன்ன நீட்டல் வளைவில் இன்னும் மோசம். பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் வீசும். உள்பக்கத் தள்ளல் = சக்கரத்தொகுதிகளின் இடைத்தூரத்தின் வர்க்கம் ÷ (8 × ஆரம்). 75 மீட்டர் ஆர வளைவில் 26 மீட்டர் நீளப் பெட்டி, இடைத்தூரம் 18 மீட்டர் என்று வையுங்கள்: 324 ÷ 600 = 54 செ.மீ. முனை வீச்சு (676 - 324) ÷ 600 = சுமார் 59 செ.மீ. இடைத்தூரம் 11 மீட்டராக உள்ள சிறு பெட்டிக்கு உள்தள்ளல் 20 செ.மீ.தான். தெருவுக்குள் வரும் வண்டிகள் பெரும்பாலும் குட்டைப் பெட்டிகளாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

நான்காவது கேள்விக்கு: ஆமாம், தோண்டத்தான் வேண்டும். அதனால் ஆரம்பத்திலேயே தோண்டாமல் இருக்க வழி பார்ப்பார்கள். தாருக்கு அடியில் ஜல்லியும் கட்டையுமாகப் போட்டால் செலவு குறைவு, ஆனால் சில வருடங்களில் ஜல்லி இறங்கும். திறந்த பாதையில் ஜல்லியை இடித்து இறுக்கும் டேம்பிங் இயந்திரம் விட்டு உயர்த்திவிடலாம், இங்கே மேலே சாலை இருக்கிறது. ஆகவே கான்கிரீட் பலகை, அதில் தண்டவாளம். ஃபிஷ் பிளேட் (தண்டவாளத் துண்டுகளைப் போல்ட் போட்டு இணைக்கும் தகடு) கூடாது. போல்ட்டைப் புதைத்துவிட்டு இறுக்குவது எப்படி? எல்லாம் பற்றவைப்புதான். சுற்றிலும் பிடித்திருப்பதால் வெயிலில் நெளியாது, ஆனால் தெருப்பகுதி முடிந்து திறந்த பாதை தொடங்கும் இடத்தில் விரிவு மூட்டு வைக்க மறந்தால் அங்கே நெளியும்.

முதலில் உடைவது தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சாண் தார்தான். இரும்பு ஒரு மாதிரி அசையும், தார் இன்னொரு மாதிரி. இடையில் சுமார் இரண்டு செ.மீ. விட்டு நெகிழும் பிற்றுமின் கலவையை ஊற்ற வேண்டும். அது விரிசல் விட்டதும் உடனே மாற்றிவிட்டால் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் போகாது. வளைவில் தேய்மானத்துக்குக் கிரீஸ் தடவுகிற பழக்கத்தையும் தெருவில் அளவோடு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் டூவீலர்காரர்தான் விழுவார். சைக்கிளில் கடப்பவர்கள் செங்குத்தாக, குறைந்தது 60 பாகை கோணத்திலாவது கடக்க வேண்டும். பள்ளத்தை ரப்பரால் அடைத்து விற்கிறார்கள். சக்கரம் அமுக்கிக்கொண்டு போகும். மெதுவான வண்டிகளுக்குச் சரி, வேகப் பாதைக்கு ஆகாது.

---

தடம்மாறி

யாரும் மிச்சிகன் சிட்டியைச் சொல்லவில்லையே. இந்தியானா மாநிலத்தில் சவுத் ஷோர் லைன், 1908-இல் தொடங்கிய மின்ரயில். 85 அடி நீளப் பெட்டிகள் பத்தாம், பதினொன்றாம் தெருக்களின் நடுவே ஒற்றைப் பாதையில் ஓடின. பதினொன்றாம் தெரு நிறுத்தத்தில் மேடை கிடையாது, நடைபாதையில் இருந்து இறங்கிச் சாலையில் நடந்துபோய் ஏறவேண்டும். இதே கம்பெனியின் ஈஸ்ட் சிகாகோ தெருப்பகுதி 1956-லும் சவுத் பெண்ட் தெருப்பகுதி 1970-லும் போய்விட்டன. மிச்சிகன் சிட்டி மட்டும் 2022 வரை தாங்கியது.

அதை நீக்கியது விபத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. ஒற்றைப் பாதையும் ஊர்ந்து போகும் வேகமும் முழு வழித்தடத்தின் கால அட்டவணையையே கட்டிப்போட்டிருந்தன. தெருவின் ஒரு பக்கத்து வீடுகளை வாங்கி இடித்து, சாலையையும் பாதையையும் பிரித்து, கேரி ஊர் வரைக்கும் இரட்டைப் பாதை போட்டார்கள். மொத்தத் திட்டச் செலவு சுமார் 65 கோடி டாலர். 2024 மே மாதம் முழுச் சேவை தொடங்கியது.

ஓட்சுவில் இதைச் செய்ய முடியாது, ஏரிக்கும் மலைக்கும் நடுவே இடமே இல்லை. அதனால் அங்கே வண்டியை மாற்றினார்கள்: சுரங்கத்துக்கு ஏற்ற தானியங்கிக் கட்டுப்பாடு, 1000-க்கு 61 ஏற்றத்துக்கு ஏற்ற மோட்டார், தெருவுக்கு ஏற்ற பிரேக், மூன்றும் ஒரே பெட்டியில். அந்தப் பாதையில் ஒதானி நிலையம் 1000-க்கு 40 சரிவிலேயே இருக்கிறது. மேடை பெஞ்சின் கால்களை ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் வைத்திருக்கிறார்கள்.